மேட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம்

அன்புள்ள மகனுக்கு,

முந்தாநாள் மத்தியானம் இங்கே பெய்த மழையில் நம் இரண்டு வண்டிகளில் ஒன்றுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எந்த வண்டி என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். பதறிப்போய்க் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதில் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, சுவாரஸ்யம் போய்விட்டது என்று என்னிடமே வந்து அழுதவன் நீ. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வெட்டிவிடுகிறாய். உனக்கு இப்போது எந்த மீட்டிங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் வந்தால் நீ குறுக்கே பேச முடியாது, முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் வேலை போனதை நீ சொல்லவில்லை, சோமாதான் சொன்னாள். பெங்காலிப் பெண், உன்னைக் கட்டிக்கொண்ட பிறகு நம் வீட்டுத் திருநெல்வேலித் தமிழை உன்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவள். அன்று அந்தத் தமிழ்கூட அவளுக்குச் சரியாக வரவில்லை. "மா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காவ. ஆனா நான் வேற யாருட்ட போயி சொல்ல? தினம் காலையில பேக்க மாட்டிக்கிட்டுக் கெளம்பிப் போறாவ. சாக்ரி நேய், மா, வேலையே இல்ல. எங்க போயி உக்காருதாவன்னு தெரியல" என்று அழுதாள். எனக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை. எப்போதும் விமானத்தில் பறக்கிறவன், போன குளிர்காலத்தில் வந்துவிட்டுத் திரும்பும்போது சாந்த்ராகாச்சியில் ரயில் ஏறினாய். "ரயில்ல போனா ஊரெல்லாம் பாத்துக்கிட்டே போலாம்மா" என்றாய். யார்டில் நின்ற சரக்கு வண்டிகளைத் தாண்டி உன் ரயில் வளைந்து போகிற வரைக்கும் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னவோ நடந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. கேட்டால் பொய் சொல்லுவாய் என்று பயந்து கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்போது போன வாரம் நீ அனுப்பிய மெசேஜுக்கு வருகிறேன். வடக்குக் கொல்கத்தாவில் நீ அந்தப் பச்சை வண்டியை வாங்கிய வீட்டில் இன்னும் இரண்டு பழைய வண்டிகள் நிற்கின்றன, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் புரமோட்டர் வரப்போகிறார், அதற்குள் அவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கையில் இருந்த பணம் எல்லாம் பச்சை வண்டிக்கே போய்விட்டதால், நான் குடியிருக்கும் இந்த லேக் மார்க்கெட் பிளாட்டின் பத்திரத்தை பாங்கில் வைத்துக் கடன் வாங்க வேண்டுமாம். "நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்மா. அப்புறம் நீயும் இங்க வந்து எங்ககூடவே இரு" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். பெங்களூரில் நீ இருப்பது வாடகை வீடு. அந்த வாடகையை வரும் மாதங்களில் எப்படிக் கொடுப்பாய் என்று உனக்கே தெரியாது. அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடுகிறாய். நானும் உன் அப்பாவும் துறைமுகத்து வேலையில் தேய்ந்து, ரிட்டயர் ஆனபோது வந்ததைப் போட்டு வாங்கிய கூரை இது. இதைக் கொண்டுபோய் வைத்து, ஓடாத இரண்டு வண்டிகளை வாங்க நினைக்கிறாய்.

நீ சொல்லும் நியாயம் எனக்கு மனப்பாடம். பங்கு விழும், சாப்ட்வேர் விழும், ரூபாய் விழும், பழைய கார் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் இனிமேல் யாரும் அதைச் செய்யப்போவதில்லை. நல்ல பேச்சுதான். இனிமேல் செய்யமாட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வாங்குகிறவர்கள் இருக்க வேண்டும் அல்லவா? அதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். நம் அம்பாசடர் நம்மிடம் எப்படி வந்தது என்று உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. "ஒரு என்ஜினியர் சார் கொடுத்தார்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம்.

நீ கைக்குழந்தையாக இருந்த சமயம் அது. இந்த ஊரில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. கம்பெனிகள் ஆபீஸை மூட்டை கட்டிக்கொண்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்த என்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர், ஹவுராவில் ஒரு பெரிய பட்டறையில் மேலதிகாரியாக இருந்தவர். அவரிடம் இரண்டு வண்டிகள். ஒன்று இந்த வெள்ளை அம்பாசடர், அப்போதே அது பழைய வண்டிதான். இன்னொன்று நீளமான வெளிநாட்டு வண்டி, அதைத் துடைப்பதற்கே தனியாக ஆள் வைத்திருந்தார். நல்ல காலத்தில் எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார். பட்டறை மூடினபோதும் காத்திருந்தார். கடைசியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக லாரி வாசலில் வந்து நின்ற அன்றைக்குத்தான் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார், நானும் கூடப் போனேன். அப்பா ரொம்பக் குறைந்த விலை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார், அதற்குமேல் எங்களிடம் இல்லை. அந்த என்ஜினியர் சாவியை எடுத்தார். "வாங்கக் கூடியவங்க எல்லாம் எனக்கு முன்னாடியே ஊரை விட்டுப் போய்ட்டாங்கம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அம்பாசடரின் ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. அந்த வெளிநாட்டு வண்டியைக் கடைசியில் மல்லிக் பஜாரில் பிரித்துத் துண்டு துண்டாக விற்றார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

நீ இதைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குவது, வயிறு நிறைந்தவன் செய்கிற காரியம். அவனுக்கு நாளைக்கு வேலை இருக்கும் என்ற தைரியம் வேண்டும். காலம் கெட்டால் உனக்கு மட்டுமா கெடுகிறது? உன்னிடம் வாங்கக்கூடியவனுக்கும் அதே வாரத்தில்தான் கெடுகிறது. நீ விற்றே ஆக வேண்டிய நாளும், வாங்க ஒருவனும் வராத நாளும் ஒன்றாகத்தான் வரும். தங்கத்தைத் துண்டாக்கிக் கொஞ்சம் விற்கலாம். வண்டியின் ஒரு கதவை விற்று ஒரு மாத வாடகை கொடுக்க முடியுமா? முடியாது என்று சொல்ல வந்தேன், மல்லிக் பஜார் ஞாபகம் வந்துவிட்டது. முடியும், ஆனால் அப்புறம் அது வண்டியாக இருக்காது.

சாவியை வாங்கின அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இது உனக்கே தெரிந்த கதை. கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே லேக் ஓரத்தில் ஒரு மரத்தில் கொண்டுபோய் இடித்துவிட்டு, மரம் குறுக்கே வந்தது மாதிரி அதை முறைத்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் நான்தான் கற்றுக்கொண்டேன். காலையில் உன்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் கிடர்பூர் ஆபீஸுக்குப் போவோம். லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே புடவை கட்டின பொம்பளை அம்பாசடர் ஓட்டிக்கொண்டு வருவதை துறைமுக வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். விடுமுறை நாளில் உன்னையும் கூட்டிக்கொண்டு போவோம். கப்பல் வருகிறதென்று துறைமுகத்துப் பாலத்தைத் திறந்துவிட்டால், வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே டிபன் டப்பாவைத் திறந்துவிடுவோம். பின் சீட்டில் நீ வாய்ப்பாடு சொல்லுவாய். பக்கத்து சீட்டில் அப்பா. எத்தனை வருடம் உட்கார்ந்து வந்தும் என் கை மேல் அவருக்கு நம்பிக்கை வரவே இல்லை. குறுக்கே யாராவது வந்தால் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவார். அழுத்தி அழுத்தி அந்தப் பக்கத்துக் கால்மிதியில் ஓட்டை விழுந்துவிட்டது. அவர் பாரத்தில் சீட்டும் ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கூட்டிக்கொண்டு போன அன்றும், மூச்சு வாங்கிக்கொண்டே, ராஷ்பிஹாரி முனையில் அந்த ஓட்டையில் காலை அழுத்தினார். திரும்பி வரும்போது அந்த சீட்டைப் பார்க்காமல் ஓட்டி வந்தேன். சீட்டை மாற்றித் தருகிறேன் என்று மெக்கானிக் ஷம்பு எத்தனையோ தடவை சொல்லியும் நான் விடவில்லை. உனக்கும் அது தெரியும். வந்தால் நீயும் அந்தப் பள்ளத்தில்தான் உட்காருவாய்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனி நம்பர் வாங்கலாம், நம் அம்பாசடருக்கும் வாங்கினால் விலை கூடும் என்று நீ சொன்னாய். வாங்கினால் தினப்படிக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம் என்றார்கள். மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வர முடியாத வண்டி எனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன். நீ சிரித்தாய். இருந்தாலும் உன் கண்ணில் எனக்கு விவரம் போதவில்லை என்று இருந்தது. இருக்கட்டும்.

இப்போது, போன குளிர்காலத்தில் அந்தப் பச்சை வண்டி வாங்கின நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், உனக்குக் கசந்தாலும். ஷோபாபஜார் பக்கத்தில் அந்தப் பெரிய வீடு, விரிசல் விட்ட தூண்கள், நமக்காக சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்திருந்த அந்த வயதான வீட்டுக்கார பாபு. பின்கட்டில் இருந்த ஷெட்டைத் திறந்தார். உள்ளே இங்கிலாந்திலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலில் வந்திறங்கிய அந்தச் சின்னப் பச்சை வண்டி. அழகாகத்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் நான் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்தேன். நனைந்து கெட்ட சரக்கைப் பரிசோதிக்கிற பிரிவில் வேலை பார்த்தவள் நான். மூட்டையைத் தொடுவதற்கு முன் கிடங்கின் சுவரைப் பார், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதென்று அது சொல்லும், இதுதான் எங்கள் பிரிவின் முதல் பாடம். அந்த ஷெட்டில் முழங்கால் உயரம் வரைக்கும் மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அதற்குமேல் பழைய சுண்ணாம்பு. நான் குனிந்து வண்டியின் அடியில் விரலால் அழுத்தினேன். தகரம் அப்பளமாக உதிர்ந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கடையில் விலை பேசும்போது எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வோம். கடைக்காரருக்குப் புரியாது. "நல்லா இருக்கு, ஆனா காட்டிக்காத" என்று அப்பா சொல்லுவார், நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்திருப்பேன், விலை இறங்கும். கரியாஹாட்டில் வாங்கின ஒவ்வொரு புடவையும் அப்படி வாங்கினதுதான். அன்றைக்கும் அந்த பாபுவின் முன்னால் உன்னிடம் தமிழில்தான் சொன்னேன். "ஏய்யா, மூஞ்சியில சந்தோசத்தக் காட்டாத. குனிஞ்சு பாரு. அடித் தகரம் பூரா துரு. சொவத்தப் பாரு, தண்ணி நின்ன எடம் இது. வேண்டாம்." நீ குனியவில்லை. பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, பெங்காலியில் பதில் சொன்னாய். "ஷே தோ ஷோப் புரோனோ காடிதேய் தாகே, மா." அதெல்லாம் எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கிறதுதானே அம்மா என்று. அந்த பாபு சிரித்துக்கொண்டே சந்தேஷ் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, பையனுக்குப் பிடித்துவிட்டது. விற்கிறவருக்கு இதைவிட வேறு என்ன தெரிய வேண்டும்? அதற்கப்புறம் அவர் விலையிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தமிழ் பேசும் அம்மாவுக்குப் பிறந்து, சந்தோஷம் வந்தால் பெங்காலியில் உளறுகிற பிள்ளையைப் பெற்றேனே என்று நினைத்தேன். ஆனால் ஏன் இரண்டாம் தடவை தடுக்கவில்லை என்று நீ ஒருநாள் கேட்கலாம். வந்ததிலிருந்து உன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வண்டியின் மேல் கை வைத்த பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது. அதை என் வாயால் அணைக்க மனம் வரவில்லை. வேலை போன விஷயம் அப்போது தெரிந்திருந்தால் பாபுவின் முன்னாலேயே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். உன் கம்பெனி உன்னை வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த பணம் அத்தனையும் அங்கே கைமாறுகிறது என்று எனக்குத் தெரியாது.

வண்டி கிரேனில் தொங்கிக்கொண்டு நம் சந்துக்குள் வந்தபோது அக்கம்பக்கத்தவர் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கீழே இருந்த ஒரே கராஜை அதற்குக் கொடுத்துவிட்டு, அம்பாசடரை போர்டிகோவின் மேட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்யாணப் படம் எடுக்க வாடகைக்கு விட்டே செலவை ஈடுகட்டலாம் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். பால்குனத்தில், அதாவது நம் மாசியில், ஒரு ஜோடி வந்தது. பெண்ணின் பெனாரசிப் புடவை கதவில் மாட்டிக் கிழிந்து, பேசின வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்கப்புறம் சைத்ரம் வந்தது, நம் பங்குனி, அந்த மாதத்தில் பெங்காலிகளுக்குக் கல்யாணம் கிடையாது. பிறகு வெயில், வண்டிக்குள் உட்கார முடியாது. பிறகு மழை. இப்போது பாத்ரம், நம் ஆவணி, இதிலும் கல்யாணம் இல்லை. நமக்கு ஆடியும் மார்கழியும்தான், இவர்களுக்கு வருடம் முழுக்க இடைஇடையே ஆடி வருகிறது. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு இதுகூடவா தோன்றவில்லை?

என்ன விலை போகும் என்று பார்க்க நீ அனுப்பி வைத்தவர்களும் வந்தார்கள். ஒருவர் மனைவியையும் கூட்டிவந்து, வண்டியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ஒருவர் ரொம்ப ஆசையாகப் பார்த்தார், எங்கள் கம்பெனியில் யாரை வைத்துக்கொள்வார்கள் என்று துர்கா பூஜைக்குப் பிறகு தெரியும் மாஷிமா, தெரிந்ததும் வருகிறேன் என்று சித்தி முறை வைத்துச் சொன்னார். ஒருவர் தவணையில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எல்லாரும் உன் வயதுக்காரர்கள். போன் அடிக்கும்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பயந்து பார்த்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஷம்பு வந்து பார்த்துவிட்டு, இப்போது பெட்ரோலில் கலந்து வருகிற எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றான். அடித் தகரத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும் என்றான். ஒவ்வொன்றுக்கும் உன்னைக் கேட்டேன். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்றாய். அந்த அடுத்த மாதம் ஏன் வரவே இல்லை என்பது சோமா சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. வாங்குவதற்கு ஒரு தடவை பணம் இருந்தால் போதும். வைத்துக்கொள்ள மாதாமாதம் சம்பளம் வேண்டும். பழைய வண்டி வைத்திருக்க ஆசைப்படுகிறவனுக்கு முதலில் ஒரு வேலை வேண்டும் மகனே.

அதனால் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். கையெழுத்துப் போடமாட்டேன். நீ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாலும் போடமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் வீடு மாறுகிற பயம் ஒரு பக்கம். உனக்கு இடம் இல்லாமல் போய்விடுமோ என்கிற பயம் அதைவிடப் பெரிது. எல்லாம் கவிழ்ந்தாலும் நீயும் சோமாவும் குழந்தையும் வந்து இறங்க ஒரு கூரை இருக்கிறதென்றால், அது இதுதான். அதையும் தொலைத்துவிட்டு நீங்கள் எங்கே போவீர்கள்?

இனி மழைக்கு வருகிறேன். முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது வானம் கறுத்தது. அப்படி ஒரு மழையை நான் சமீபத்தில் பார்க்கவில்லை. பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்து முழுக்க ஆறாகிவிட்டது. பூஜைப் பந்தலுக்காகக் கட்டி வைத்திருந்த மூங்கில்கள் மிதந்து வந்து நம் கேட்டில் முட்டின. முனையில் ஒரு டாக்ஸி பாதிச் சக்கரம் முழுகி நின்றது, வெளியே எந்த வண்டியையும் கொண்டுபோக வழி இல்லை. கராஜ் பள்ளத்தில் இருக்கிறது, உனக்குத் தெரியும். போர்டிகோ மேட்டில் மட்டும் தண்ணீர் ஏறாது. அந்த மேட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அங்கே நம் அம்பாசடர் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. பச்சை வண்டியின் சக்கரத்தைத் தண்ணீர் தொட ஆரம்பித்திருந்தது.

நான் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கீழ்வீட்டு தத்தா பாபுவும் காவல்காரர் ராம்பிலாஸும் கெண்டைக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் பச்சை வண்டியை மேட்டுக்குத் தள்ள வேண்டும் என்றேன். "அப்படியென்றால் உங்கள் வண்டி?" என்று கேட்டார் தத்தா பாபு. இறக்கிவிடுகிறேன் என்றேன். "மாஷிமா, நிஜேர் காடிடா?" என்றார், உங்கள் சொந்த வண்டியையா என்று. நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் கேட்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்பாசடரில் ஏறினேன். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. மேட்டிலிருந்து பின்னால் எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். சைலன்சர் குடுகுடுவென்று ஏதோ சொல்லிவிட்டு அணைந்துபோனது. பக்கத்து சீட்டில் அப்பா இருந்திருந்தால் அந்த ஓட்டையில் காலை அழுத்தியிருப்பார். அவர்கள் இருவரும் பச்சை வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றி முடிக்கிற வரைக்கும் நான் இறங்கவில்லை. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் காலை நனைத்தது. பிறகு மாடிக்குப் போய்விட்டேன். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ராத்திரி சீட்டு வரைக்கும் ஏறி, நேற்று சாயங்காலம்தான் தண்ணீர் வடிந்தது. ஷம்பு வந்து பார்த்தான். என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது, முழுக்கப் பிரிக்க வேண்டும் மாஷிமா என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சீட்டுக்குள் இருந்த தென்னைநார் ஊறி உப்பிவிட்டது. அப்பா உட்கார்ந்த பள்ளம் இப்போது இல்லை. மற்ற இடம் மாதிரி அதுவும் சமமாக இருக்கிறது. அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன், அழுதேன், வேறு என்ன செய்ய?

உன் வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று நீ யோசிப்பாய். உன்னிடம் மிச்சம் இருப்பதெல்லாம் அந்தப் பச்சைத் தகரத்துக்குள் இருக்கிறது. அது முழுகினால் நீ முழுகிப்போவாய் என்று எனக்குப் பட்டது. என்னுடையது முழுகினால் நான் பேருந்தில் போய் வாழைக்காய் வாங்கிக்கொள்வேன். ஆனால் இது ஒரு தடவைதான் முடியும். அடுத்த மழைக்கு இறக்கிவிட என்னிடம் வேறு வண்டி இல்லை. வீட்டை இறக்கமாட்டேன்.

கிளம்பி வா. சோமாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டே வா, காலையில் அந்தப் பையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறதை நிறுத்து. ரயிலில் வந்தால் சாந்த்ராகாச்சிக்கு வந்து கூட்டிவர என்னிடம் வண்டி இல்லை, டாக்ஸி பிடித்துக்கொண்டு வாருங்கள். பூஜை முடிந்து அந்தப் பையன்கள் யாராவது திரும்பி வந்தால், வந்த விலைக்குப் பச்சை வண்டியைக் கொடுத்துவிடு. அவனும் உன்னை மாதிரி பானெட்டில் கை வைத்துக்கொண்டு சிரிப்பான், அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள். விலை பேசுவதற்கு முன்னால் அவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்லி, அடித் தகரத்தைக் குனிந்து பார்க்கச் சொல்.

அம்மா